விபத்துக்கும் பஞ்சாங்கம் உண்டு

கட்டுமானத் தளங்களில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். தேதி, நேரம், பெயர், வேலை, அடிபட்ட இடம், காரணம் என்று கட்டம் போட்ட நீளமான பதிவேடு. சென்னையைச் சுற்றியுள்ள தளங்களில் பாதுகாப்பு அலுவலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொல்: கவனக்குறைவு. சாரத்தில் கால் தவறியவர், கட்டரில் விரலைக் கொடுத்தவர், ஆணி மேல் மிதித்தவர் எல்லாருக்கும் அதே சொல்தான். எழுதுவது சுலபம். அடிபட்டவரைத் தவிர வேறு யாருக்கும் செலவு வைக்காத காரணம் அது.

ஒரு மழை நாளில் வேலை நின்றிருந்தது. பொழுது போகாமல் பழைய பதிவேடுகளை எடுத்து, வேறு எதையும் படிக்காமல் தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பங்குனியில் தொடங்கி வைகாசி வரை வரிகள் நெருக்கமாக இருந்தன. பிறகு கொஞ்சம் இடைவெளி. ஆடியில் மறுபடி ஒரு நெருக்கம். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. கவனக்குறைவு என்பது மனிதனின் குணம் என்றால், அது பருவம் பார்த்து வருமா?

இந்தக் கேள்வியை என்னைவிட முறையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், 2001 முதல் 2018 வரை பதிவான ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் இழப்பீட்டு மனுக்களை எடுத்து, ஒவ்வொரு விபத்தையும் அது நடந்த நாளின் வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்தார்கள் பொருளாதார ஆய்வாளர்கள். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்களில் விபத்துகள், இதமான நாட்களைவிட 10 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்தன. கவனிக்க வேண்டியது, வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் இதில் சிறு பகுதிதான். ஏணியிலிருந்து விழுந்தவர்கள், இயந்திரத்தில் கை சிக்கியவர்கள், வண்டி இடித்தவர்கள் என்று, வெயிலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் மனுக்கள்தான் மிகுதி. கூரைக்கு உள்ளே வேலை பார்த்தவர்களின் கணக்கும் இப்படியே இருந்தது. வெயில் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதாமல் போய்விடுகிறது.

அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வேலை செய்யும் உடல் ஓர் அடுப்பு. தசை செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி வெறும் சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ள உடலுக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால் என்பதுதான் இதில் முக்கியம். வேலூரிலோ திருத்தணியிலோ வெயில் கொளுத்தும்போது சட்டை காய்ந்து வெள்ளைக் கோடு விழுகிறது. வியர்வை தன் வேலையைச் செய்துவிட்டு உப்பை விட்டுப் போன தடம் அது. சென்னையில், நாகப்பட்டினத்தில், தூத்துக்குடியில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிறது. சொட்டிய வியர்வை வீண். உடம்பிலிருந்து தண்ணீரும் போயிற்று, சூடும் போகவில்லை. வானிலை அறிக்கையில் வேலூரைவிட நான்கு டிகிரி குறைவாகச் சொல்லப்படும் கடற்கரை ஊரில், சுமை தூக்குபவருக்கு அன்று கூடுதல் ஆபத்து இருக்கலாம்.

இதை அளக்க ஒரு முறை இருக்கிறது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி, கறுப்புக் குண்டுக்குள் வைத்த வெப்பமானி, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானி ஆகிய மூன்றின் அளவுகளையும் ஏழுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். 1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததைத் தொடர்ந்து உருவான கணக்கு இது. ஈரத்துக்கு ஏழு பங்கு, நேரடி வெயிலுக்கு இரண்டு பங்கு. தொலைக்காட்சியில் நாம் பார்த்துப் பெருமூச்சு விடும் வெப்பநிலைக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு.

சூடு வெளியேறாமல் தங்கும்போது, இதயம் ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பி விடுகிறது. தசைக்கும் மூளைக்கும் போகும் பங்கு குறைகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை இழந்தாலே கவனம் தளரத் தொடங்கும். கை வழுக்குகிறது, கண்ணில் வியர்வை இறங்குகிறது, பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார், தலைக்கவசம் நெற்றியைச் சுடுகிறது என்று அதையும் கழற்றுகிறார். அப்போது மேலிருந்து ஒரு கம்பித் துண்டு விழுகிறது. பதிவேட்டில் நான் எழுதுகிறேன்: தலைக்கவசம் அணியாதது, கவனக்குறைவு.

கத்திரி வெயில் என்றால் எல்லாருக்கும் பயம். மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் அக்னி நட்சத்திரத்துக்குத் தளங்களில் மோர்ப் பந்தல்கூடப் போடுவார்கள். என் பயம் அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும். வெயிலுக்குப் பழக உடலுக்கு ஒன்று, இரண்டு வாரம் வேண்டும். பழகிய உடல் சீக்கிரம் வியர்க்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். பழகாத உடலுக்கு இது எதுவும் தெரியாது. வெயிலால் பணியிடத்தில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே இறக்கிறார்கள் என்றும், எழுபது சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் முதல் வாரத்துக்குள் இறக்கிறார்கள் என்றும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. அதனால்தான் அவர்கள் புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டு என்று பரிந்துரைக்கிறார்கள். நம் தளங்களில் புதியவருக்குத்தான் முதல் நாளே மூட்டை.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கட்டுமானத்தில் பெரும்பகுதி இப்போது பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்கள். மார்ச்சில் ஹோலிக்கு ஊருக்குப் போவார்கள். இரண்டு, மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு, இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து, ஏப்ரல் தொடக்கத்தில் இறங்குவார்கள். வெயிலை விட்டு விலகிய ஒரு வாரத்திலிருந்தே பழக்கம் கரையத் தொடங்கிவிடும். மேஸ்திரிக்கு அவர்கள் பழைய ஆட்கள். உடம்புக்கு அவர்கள் புது ஆட்கள்.

அப்படி வந்த ஒரு பையன் எனக்கு மறக்காது. ஏப்ரல் முதல் வாரம், மூன்றாம் தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் நிழல் கிடையாது. காலுக்குக் கீழே, கான்கிரீட்டைத் தாங்கப் பரப்பிய சென்ட்ரிங் தகடு கொதிக்கிறது. மதியம் இரண்டரை மணி இருக்கும். ஒரே முடிச்சை மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறானே என்று பக்கத்தில் இருந்தவர் கவனித்துக் குரல் கொடுத்தார். நான் போய்ப் பெயர் கேட்டேன். சிரித்தான். ஊர் கேட்டேன். அதற்கும் சிரித்தான். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அவனுக்கு வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. உடல் உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேச்சு குழறுவதும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் நடந்துகொள்வதும்தான் அடையாளம். உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டி மூளை தடுமாறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எல்லாரும் ஆட்டோவைக் கூப்பிடு என்றார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் ஆட்டோவில் அரை மணி நேரம் போவது அவனை அடுப்பிலேயே வைத்திருப்பதற்குச் சமம். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். கியூரிங்குக்கு, அதாவது புது கான்கிரீட்டை நனைக்க, வைத்திருந்த ஹோஸ் பைப்பை இழுத்துத் தலையிலிருந்து கால் வரை நனைத்தோம். இரண்டு பேர் பிளைவுட் துண்டால் விசிறினார்கள். 108 வண்டி வருவதற்குள் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். தண்ணீர் புகட்டப் போன கையைத் தடுத்தேன். நினைவு தடுமாறியவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். பிழைத்துக்கொண்டான். அன்றைய பதிவேட்டுக்கு வந்தபோது மேலாளர், அடிபடவில்லையே, இதை எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டார்.

தண்ணீர் பற்றிச் சொல்ல வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதம். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்பது உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட எளிய கணக்கு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 18ஆவது பிரிவு குடிநீரைப் பற்றியது. 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றது. 240 பேர் என்றால் வெந்நீர் போதும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் எழுத்து அங்கேதான் கோடு போட்டது. அந்தச் சட்டம் உட்பட 13 சட்டங்கள் பிறகு 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் ஒன்றாக்கப்பட்டன.

தண்ணீர் இருந்தாலும் குடிப்பார்களா என்பது வேறு கேள்வி. நான் இருந்த ஒரு தளத்தில் நீலப் பீப்பாய் நிறையத் தண்ணீர் மாலை வரை அப்படியே இருக்கும். சித்தாள் பெண்கள் எட்டு மணிக்குக் கொண்டுவந்த அரை லிட்டர் பாட்டிலில் பாதியை மாலையில் திரும்ப எடுத்துப் போவார்கள். தாகம் இல்லையா அக்கா என்று ஒருவரிடம் கேட்டேன். "குடித்தால் எங்கே போவது, நீங்களே சொல்லுங்கள்" என்றார். கழிப்பறை தளத்தின் மறுகோடியில், ஆண்கள் தங்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அவர் கேட்டதில் எல்லா ஆய்வறிக்கைகளும் அடங்கியிருந்தன.

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் இது இன்னும் கடுமை. விடியும் முன்னே பாத்தியில் இறங்குவார்கள். தரையே கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிப்பதால் கண் கூசிக் கூசிக் கெடுகிறது. காலில் உப்பு ஊறிப் புண் ஆறுவதில்லை. சுற்றிலும் ஒரு செடிகூட இல்லாத வெளியில் பெண்கள் ஒதுங்குவது எங்கே? போரூர் ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் உழைத்தார்கள். சுமார் 7 சதவீதம் பேரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. நாள்தோறும் உடலை வற்றவிட்டு வேலை வாங்கினால் சிறுநீரகம் சத்தமில்லாமல் நைந்துபோகிறது. நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் இளைஞர்கள் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது உலகம் இதைக் கவனித்தது. அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றை மட்டும் ஒழுங்குபடுத்திப் பார்த்தார்கள். ஓய்வு கொடுத்தால் வேலை குறையும் என்று பயந்த முதலாளிகளுக்கு வியப்பு: எல் சால்வடாரில் ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டிய கரும்பு கூடியது.

நம் வயல்காட்டு வழக்கத்தில் இந்த மூன்றும் ஒரு காலத்தில் தானாகவே இருந்தன. விடிந்ததும் இறங்கி, உச்சிக்கு முன் கரையேறும் அரை நாள் வேலை. நடுவே உப்புப் போட்ட நீராகாரம். வரப்போரத்து மர நிழல். பண்ணையாரின் கருணையால் வந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வெயிலோடு வாழ்ந்தவர்கள் கண்டுபிடித்த கால அட்டவணை அது. ஒன்பது முதல் ஆறு என்ற அலுவலக நேரத்தைக் கான்கிரீட் தளத்தின் மேல் கொண்டுபோய் வைத்தபோது அதைத் தொலைத்தோம்.

கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் ஆணையர் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலையை நிறுத்தச் சொல்லி ஆணை போடுகிறார். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மேலே சொன்ன மூன்று வெப்பமானிக் கணக்கு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும் என்பது 2021 முதல் விதி. நான் இருந்த தளம் எதிலும் அப்படி ஒரு மதிய இடைவேளை இருந்ததில்லை. தோஹாவில் வேலை பார்த்துத் திரும்பிய ராமநாதபுரத்துக் கொத்தனார் ஒருவர் என்னிடம் இதை ஒரு நகைச்சுவை போலத்தான் சொன்னார்: அங்கே படுக்கச் சொன்னார்கள், இங்கே பூசச் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வகைசெய்தது. நல்ல முடிவு. ஆனால் இறப்புக்கு வெயில்தான் காரணம் என்று யாராவது எழுதியாக வேண்டுமே. மாரடைப்பு என்றும் தவறி விழுந்தது என்றும் எழுதிப் பழகிய கைகள் அல்லவா நம்முடையவை.

இதே எழுத்துப் பழக்கத்தைச் சிவகாசிச் செய்திகளில் பார்க்கலாம். "உராய்வு காரணமாக வெடி விபத்து ஏற்பட்டது" என்ற வரி, செய்தியாளர் போவதற்கு முன்பே அச்சுக் கோத்து வைத்தது போல வந்துவிடும். உராய்வு உண்மைதான். எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன அவசரத்தில் உராய்ந்தது என்பதுதான் விஷயம். வறண்ட காற்றில் நிலைமின்சாரம் தங்கும்; நைலான் புடவை அதைப் பெருக்கும். அதனால்தான் பருத்தி உடை, இரும்பு தவிர்த்த கருவிகள், அறைக்குள் நுழையும்முன் கை வைத்து மின்னூட்டத்தை இறக்கிவிட வாசலில் உலோகத் தகடு என்றெல்லாம் ஏற்பாடு. மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பதும் அன்றைய மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்பதும் அங்கே குழந்தைக்கும் தெரியும். மழைக்காலம் எதிர்ப்பக்கத்திலிருந்து தாக்கும். அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் புகுந்தால் மெல்ல வினை நடந்து சூடு ஏறிக்கொண்டே போகும். மூடி வைத்த மருந்து யாரும் தொடாமலே பற்றும்.

பருவம் செய்வது பாதி. மீதியைத் தீபாவளி செய்கிறது. கேட்பு ஏறும் மாதங்களில் நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆள் உட்காருகிறார். உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் கணக்கு எத்தனை உருப்படி என்று மட்டும் ஓடுகிறது. இடம் போதாமல் மரத்தடியில் வைத்தும் வேலை நடக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 38 பேரைக் கொன்ற வெடி விபத்து நடந்தது தீபாவளிக்கு முந்தைய அந்த நெருக்கடிக் காலத்தில்தான். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். உருப்படிக்குக் கூலி என்று இருக்கும் வரை, வெயில் ஏறிவிட்டது நிறுத்து என்று சொல்வது கூலியை விட்டுக்கொடு என்று சொல்வதாகத்தான் தொழிலாளி காதில் விழும்.

ஆடிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்மியும் பறக்கும் என்பதைப் பாட்டிமார்களே சொல்லிவிட்டார்கள். ஒரு கணக்கு மட்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள தகரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பவரை மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று இருபது கிலோவுக்குச் சற்று அதிகமான எடையால் தள்ளும். 60 கிலோமீட்டர் என்றால் அது ஐம்பது கிலோ. பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்று அடிக்கும் அடியில் கூரை போடுபவருக்கு இடுப்புக் கயிறு வேண்டும். அதைவிட முக்கியம், பகல் ஏற ஏறக் காற்றும் ஏறுகிறது என்பதால் தகர வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வது.

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. எங்கள் தொழிலில் அந்த மாதங்கள் மின்சாரத்துக்கும் மண்ணுக்கும் உரியவை. உலர்ந்த தோல் மின்சாரத்தைப் பலமாகத் தடுக்கும். நனைந்த தோலில் அந்தத் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயம் தாளம் தப்ப நூறே போதும். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் நொடியின் சிறு பகுதியில் மின்சாரத்தை அறுத்துவிடும் கருவியின் விலை, ஒரு கொத்தனாரின் சில நாள் கூலி. ஆனால் அடித்தளக் குழியில் தேங்கிய தண்ணீரை இறைக்க வாடகை மோட்டார் வரும்போது, அதன் ஒயரில் மூன்று இடத்தில் டேப் சுற்றிய ஜாயிண்ட் இருக்கும். டேப் உலர்ந்த காலத்துக்கு மட்டும். ஒயரைத் தண்ணீரில் போட்டுவிட்டு, குழியில் இறங்கி மோட்டாரை நகர்த்து என்பார்கள். அடிக்கடி விழுந்து மின்சாரத்தை நிறுத்துகிறது என்று, கசிவை அறுக்கும் அந்தக் கருவியைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அது விழுவதே சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குத்தானே.

மண் வேறு மாதிரி ஏமாற்றும். கொட்டும் மழையில் யாரும் பள்ளத்தில் இறங்குவதில்லை. மழை விட்டு வெயில் அடித்த மறுநாள்தான் ஆபத்து. நீர் ஊறிக் கனத்த மண், வெயில் பட்டு மேலே காய்ந்து, விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி மெல்லிய கோடாக விரிசல் விடும். அந்தக் கோட்டைப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல்; சிறிய காரின் எடை. நெஞ்சு வரை புதைந்தாலே நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் போகலாம், காப்பாற்றப் போனவர் மேலும் அடுத்த சரிவு விழலாம். ஐந்தடிக்கு மேற்பட்ட பள்ளத்துக்குப் பக்கத் தாங்கல் கொடு, அல்லது சரிவாக வெட்டு. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதே. இவ்வளவுதான் விதி. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் மீறுவார்கள், ஏனென்றால் மண்ணை அள்ளித் தள்ளிப் போட இன்னொரு ஆள் வேண்டும்.

வயலில் இறங்குபவர்களுக்கு அதே மழை எலிக்காய்ச்சலையும் இடியையும் கொண்டுவருகிறது. தொடர்ந்து வரும் பனிக்காலத்தைப் பாதுகாப்பான பருவம் என்று நாம் நினைக்கிறோம். விடிகாலை மூடுபனியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் வேன்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். புதரிலும் புல்லிலும் வேலை பார்ப்பவருக்கு மார்கழி, தையில் வரும் காய்ச்சலை வெறும் சளி என்று விடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டில் குளிர் மாதங்களில்தான் அதிகம் தலைகாட்டும். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் போதும், டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்தில் குணமாகும். சொல்லாமல் ஒரு வாரம் போனால் நுரையீரலும் சிறுநீரகமும் சிக்கும்.

பதிவேட்டைப் பற்றித் தொடங்கினேன். தேதிகளைப் பார்த்த அந்த மழை நாளுக்குப் பிறகு, அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே ஓரத்தில் பென்சிலால் மூன்று கோடுகள் போட்டேன்: அன்றைய வெயில் அல்லது மழை, அடிபட்டவர் வேலைக்கு வந்து எத்தனையாவது நாள், கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது. முதல் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதைக் கேட்டால் ஆண்கள் யோசிப்பார்கள், பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பை வைத்துத்தான் மேலாளரிடம் சண்டை போட்டேன். பெண்களுக்கென்று இரண்டு தகரக் கழிப்பறைகள், உள்தாழ்ப்பாளோடு, மணல் சலிக்கும் இடத்துக்கு இருபது அடி தள்ளி வந்தன. தண்ணீர்ப் பீப்பாயை அதற்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்தி நிழலில் வைத்தோம். வேறு எதையும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கெல்லாம் பீப்பாய் காலி. மேஸ்திரி வேர்த்து விறுவிறுத்து என் அறைக்கு வந்து, இரண்டாவது பீப்பாய்க்கு லாரித் தண்ணீர்க் காசை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டார்.